நிம்மதிப் பெருமூச்சு விட்டது யார்?

அன்புள்ள ஆசிரியர் ஐயா, வணக்கம்.

போன வெள்ளிக்கிழமை உங்கள் வட்டாரச் செய்திப் பக்கத்தில், எங்கள் பட்டணத்துத் தமிழ்ப்பள்ளிக்கு எதிரே இருந்த நான்கு தூங்குமூஞ்சி மரங்களை வெட்டிய செய்தி வந்திருந்தது. அதன் கடைசி வரி: "ஆபத்து நீங்கியதால் வட்டார மக்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டனர்." அந்தப் பெருமூச்சை விட்டவர் யார், ஐயா? நான் அந்த மரங்களிலிருந்து இருநூறு அடி தூரத்தில் குடியிருக்கிறேன், என்னை யாரும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டில் கேட்கவில்லை, கோயில் நிர்வாகத்தைக் கேட்கவில்லை, அங்கே நாசி லெமாக் விற்கும் அக்காவைக்கூடக் கேட்கவில்லை. நாற்பது வருடமாக உங்கள் பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்கிப் படிக்கிறவள் என்ற உரிமையில் கேட்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மரம் விழுந்தால் உயிர் போகும் என்று எங்களுக்கும் தெரியும். 2024 மே 7-ஆம் தேதி கோலாலம்பூர் ஜாலான் சுல்தான் இஸ்மாயிலில் பெரிய மரம் சாய்ந்து ஒருவர் இறந்தார், பதினேழு வாகனங்கள் நசுங்கின. அந்தச் செய்தியை நீங்கள்தான் போட்டீர்கள், அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. ஆனால் அதற்கப்புறம் அங்கே என்ன செய்தார்கள் என்பதும் உங்களுக்குத் தெரியும். தலைநகரில் இருந்த 175 பழைய மரங்களைப் பார்த்து, 28 மரங்கள்தான் ஆபத்தானவை என்று பிரித்தார்கள். மரத்தின் உள்ளே ஒலியை அனுப்பிப் பொந்து இருக்கிறதா என்று கண்டுபிடிக்கும் கருவி நம் நாட்டில் இருக்கிறது, அதைப் படித்துச் சொல்லத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். உயிர்ப்பலி நடந்த ஊரிலேயே ஒவ்வொரு மரமாகப் பார்த்தார்கள். எங்கள் ஊரில் ஒரு சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு லோரி வந்தது, மாலைக்குள் நான்கும் தரையில் கிடந்தன.

இதில் என் மனம் ஆறாத விஷயம் ஒன்று உண்டு. பள்ளி வாசல் பக்கத்து மரத்தில் பட்டுப்போன கிளை ஒன்று ரோட்டுப் பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. அதை வெட்டச் சொல்லி நானே உள்ளூராட்சிக்கு மூன்று முறை எழுதிக் கொடுத்தேன், முத்திரை குத்திய நகல்கள் இன்னும் என் பெட்டியில் இருக்கின்றன. மூன்று வருடம் யாரும் வரவில்லை. போன மழையில் அந்தக் கிளை முறிந்து, பிள்ளையைக் கூட்டிப் போக வந்த ஒரு தகப்பனின் மோட்டார் மேல் விழுந்தது. நல்லவேளை, அவர் அப்போது வண்டியில் இல்லை. ஒரு கிளையை வெட்ட வராதவர்களுக்கு, நான்கு மரத்தை வெட்ட மட்டும் ஆளும் லோரியும் கிடைத்தது எப்படி?

மறுநாள் அடிக்கட்டைகளைப் போய்ப் பார்த்தேன். ஒன்றில் உண்மையாகவே பொந்து, என் கை முழங்கை வரை உள்ளே போனது, கரையான் மண் ஒட்டிக்கொண்டு வந்தது. சரி, அதை வெட்டியது நியாயம். மற்ற மூன்றும் நடுவரைக்கும் கெட்டி. ஓரத்தில் வெளிறிய மஞ்சள், உள்ளே காப்பிக்கொட்டை நிறம், தொட்டால் ஈரம். தையல் டேப்பை வைத்து ஒன்றை அளந்தேன், சுற்றளவு ஐந்து மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. நகர், கிராமத் திட்டமிடல் சட்டம், அதாவது சட்டம் 172, தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் சுற்றளவு 0.8 மீட்டருக்கு மேல் உள்ள மரத்தை உள்ளூராட்சியின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் வெட்டக்கூடாது என்கிறது. என் வீட்டு மாமரத்துக்கு நான் அனுமதி கேட்க வேண்டும். அனுமதி கொடுக்கிறவர்களே வெட்டும்போது, எதைச் சோதித்து வெட்டினார்கள் என்று ஒரு தாளாவது காட்ட வேண்டாமா?

உங்கள் நிருபர் இந்த ஊர்க்காரர் இல்லை போலிருக்கிறது, அதனால் சொல்கிறேன். எங்கள் அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, விடியுமுன்னே போய்விடுவார், நாங்கள் இந்த மரத்தடியில்தான் வளர்ந்தோம். இதன் இலை சாயங்காலம் மூடிக்கொள்ளும், அதனால்தான் மலாய்க்காரர்கள் இதைப் 'புக்குல் லீமா' மரம், அதாவது 'ஐந்து மணி' மரம், என்கிறார்கள். "மரம் தூங்கப் போகுது, வீட்டுக்கு வா" என்று அம்மா கூப்பிடுவார், தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் அதுதான் கடிகாரம். கறுப்புக் காய் மிதிபட்டுச் செருப்பெல்லாம் பிசுபிசுக்கும். தோட்டம் கைமாறியபோது லயங்கள் போயின, பந்து விளையாடிய திடல் கடைவீடுகள் ஆனது. ஆற்றங்கரையில் ஆபத்து என்று பலகை வைத்துக் கம்பிவேலி போட்டார்கள், இப்போது கருமக்கிரியைக்குக்கூட வேறு ஊருக்குப் போகிறோம். ஒவ்வொரு முறையும் பாதுகாப்பு என்றார்கள், இல்லையென்றால் மேம்பாடு என்றார்கள். நாங்களும் சரி சரி என்று இருந்துவிட்டோம். மிச்சம் இருந்தது இந்த நிழல் ஒன்றுதான்.

தைப்பிங் இங்கிருந்து முக்கால் மணி நேரம். அங்கே ஏரிப் பூங்காவில் 1884-இல் நட்ட இதே மரங்கள் இன்னும் தண்ணீரைத் தொட்டுக்கொண்டு நிற்கின்றன, சுற்றுலாப் பயணிகள் வந்து படம் எடுக்கிறார்கள். அங்கே பராமரிக்க முடிவது இங்கே ஏன் முடியவில்லை?

பிள்ளைகளின் பாதுகாப்புதான் கவலை என்றால், அதே பள்ளி வாசலில் செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் பறக்கின்றன. வேகத்தடை ஒன்று போடச் சொல்லிப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் எத்தனை கடிதம் எழுதியிருக்கும்! அதற்கு மட்டும் ஒருவரும் வரவில்லை. திங்கட்கிழமை மதியம் ஒரு மணிக்குப் போய் நின்றேன். முதலாம் ஆண்டுப் பிள்ளை ஒன்று வேனுக்குக் காத்திருக்கும்போது புத்தகப் பையைத் தலைமேல் வைத்துக்கொண்டு நின்றது. அதைத்தான் நீங்கள் நிம்மதி என்று எழுதினீர்களா, ஐயா?

கோயில் பக்கத்தில் ஐந்தாவது மரம் ஒன்று இருக்கிறது. அதன் மேலும் சிவப்புப் பெயின்டில் எண் போட்டுவிட்டார்கள். ஆடி மாதக் கூழ் அதன் அடியில்தான் ஊற்றுவோம். அதை வெட்டுவதற்கு முன் கருவி வைத்துச் சோதித்து, முடிவைப் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்லுங்கள். உள்ளே கெட்டுப்போயிருந்தால் நானே முன்னால் நின்று வெட்டச் சொல்கிறேன். கிளையை மட்டும் கழித்தால் போதும் என்றால் அதைச் செய்யட்டும். உங்கள் நிருபரை ஒரு நாள் மதியம் அனுப்புங்கள், எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போகலாம். அப்புறம், 'வட்டார மக்கள்' என்ற அந்த வரிக்கு இரண்டு வரித் திருத்தம் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பாலர் பள்ளி ஆசிரியை,
பேராக்