செஞ்சிக் கோட்டையில் எங்களைப் படம் பிடித்த தம்பிகளுக்கு

அன்புள்ள தம்பிகளுக்கு,

வணக்கம். நீங்கள் சேனலில் போட்ட வீடியோவில், கோட்டைக்குள் இருக்கும் கல்யாண மகாலின் வளைவுக்குள் ஒருவர் முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு ஒரு பெண்ணின் மடியில் தலைவைத்துப் படுத்திருந்தாரே, அந்தப் பெண் நான்தான். எங்களைக் கள்ள ஜோடியாக்கி வீடியோவுக்கு நீங்கள் வைத்த தலைப்பை இங்கே திரும்ப எழுதக் கை கூசுகிறது. நான் கேட்பது ஒன்றுதான். தயவுசெய்து அதை எடுத்துவிடுங்கள்.

படுத்திருந்தவர் என் கணவர். எங்கள் புதுச்சேரி பீச்சில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் தூண்கள் செஞ்சியிலிருந்து வந்தவை என்பார்கள். அவை நின்ற ஊரைப் பார்க்க வேண்டும் என்று வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பையன் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போன பிறகுதான் வாய்த்தது. கோட்டை இருக்கும் ராஜகிரி மலை சுமார் 800 அடி உயரம். துள்ளிக்கொண்டு ஏறியவருக்கு இறங்கும்போது முட்டி இரண்டும் விட்டுப்போயிற்று. நிழலில் உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டோம். குரங்குக்குப் பயந்து பையை நான் அணைத்துக்கொண்டேன், அவர் கண்ணயர்ந்தார். நீங்கள் கண்டுபிடித்த கள்ளத்தனம் மொத்தமும் இவ்வளவுதான்.

அவர் முகம் துண்டுக்கடியில். என் முகம் மட்டும் பளிச்சென்று தெரிகிறது. அதனால் என்ன ஆகும் என்று யோசித்தீர்களா? என் நாத்தனார் போன் செய்தாள். "தப்பா எடுத்துக்காதீங்க அண்ணி, அது அண்ணன்தானே?" கோட்டை வாசலில் நாங்கள் எடுத்த செல்ஃபியை அனுப்பினேன். அதே கட்டம் போட்ட சட்டை, அதே துண்டு. அப்புறம் என் சொந்த அண்ணன். அவர் நேராகக் கேட்கவில்லை. "மாப்பிள்ளை ஊர்லதான் இருக்காரா?" என்றார். அவருக்கும் அதே செல்ஃபி. கட்டிய புருஷனோடு ஊர் சுற்றியதற்குச் சட்டைக் கட்டத்தை ஆதாரமாகக் காட்டிக்கொண்டிருக்கிறேன். கீழே கமெண்ட் போட்டவர்களுக்கு எதை அனுப்புவது? இதில் இன்னொன்றும் கவனித்தேன். என் கணவரிடம் இதுவரை யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

முகலாயப் படை 1690 முதல் 1698 வரை அந்தக் கோட்டையை வளைத்து நின்றது. அப்படியும் உள்ளே இருந்த மராட்டிய அரசர் ராஜாராம் தப்பிப் போய்விட்டார். உங்கள் செல்ஃபி ஸ்டிக்கிடமிருந்து எங்களால்தான் தப்ப முடியவில்லை.

உங்கள் சேனலை முழுக்கப் பார்த்தேன். 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் 12 மராட்டியர் கோட்டைகளைச் சேர்த்தார்கள். 11 மகாராஷ்டிரத்தில் இருப்பவை, தமிழ்நாட்டில் செஞ்சி ஒன்றுதான். அதைப் பற்றி ஒரு வரி இல்லை. நெற்களஞ்சியம் இல்லை, உச்சிக்குப் போகும் வழியில் பாறைப் பிளவின் மேல் இருக்கும் பாலம் இல்லை. அவ்வளவு பெரிய கோட்டைக்குள் போய் நீங்கள் பார்த்தது என் மடியை மட்டும்தான். கலாச்சாரத்தைக் காப்பாற்றுகிறீர்களாம். சுவரில் ஆணியால் இதயம் கீறிப் பெயர் எழுதுகிறவனைப் படம் பிடியுங்களேன். பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சிதைத்தால் 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று சட்டம் இருக்கிறது. முட்டி வலியோடு பெண்டாட்டி மடியில் படுப்பவனுக்கு எந்தச் சட்டத்திலும் தண்டனை கிடையாது.

நாங்கள் புருஷன் பெண்டாட்டி என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. அங்கே கல்யாணம் ஆகாத இரண்டு பிள்ளைகள் உட்கார்ந்திருந்தாலும் உங்களுக்கு அதில் வேலை இல்லை. பார்க்கில் உட்கார்ந்தால் கேமரா, பீச்சில் உட்கார்ந்தால் கேமரா. தாலியை வெளியே எடுத்துப் போட்டுக்கொண்டுதான் இந்த ஊரில் உட்கார வேண்டும் என்றால், டிக்கெட் கொடுக்கும் இடத்திலேயே அதையும் எழுதி மாட்டச் சொல்லுங்கள்.

சரி, கோபத்தில் எங்கெங்கோ போய்விட்டேன். திட்டுவதற்காக எழுத உட்காரவில்லை. உங்களுக்கும் என் பையன் வயதுதான் இருக்கும். வீடியோவைக் கமெண்டுகளோடு நீக்கிவிடுங்கள். உங்களிடமிருந்து எடுத்துத் தங்கள் பக்கத்தில் போட்டவர்களிடமும் நீக்கச் சொல்லுங்கள், நான் சொன்னால் கேட்க மாட்டார்கள். இனிமேல் யார் பக்கம் கேமராவைத் திருப்பினாலும் முதலில் அவர்களைக் கேளுங்கள். அன்றைக்கு "எடுக்கலாமா அக்கா?" என்று கேட்டிருந்தால், அவரை எழுப்பித் துண்டை எடுக்கச் சொல்லி இருவரும் சேர்ந்தே போஸ் கொடுத்திருப்போம். வேண்டாம் என்றும் சொல்லியிருக்கலாம். அது என் இஷ்டம்.

இப்படிக்கு,
புதுச்சேரியிலிருந்து ஓர் அக்கா