சூளைக் கொட்டகை சீரமைப்புப் பணி நிறைவு: உறுப்பினர்களுக்குச் செயலவையின் அறிக்கை

அன்பு உறுப்பினர்களுக்கு வணக்கம்.

புதுச் சூளை வாங்கத்தானே பணம் கொடுத்தோம், ஏன் கொட்டகையைச் சீரமைத்தீர்கள் என்று அவசரக் கூட்டத்துக்கு வர இயலாத சிலர் கேட்டிருந்தீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

சென்ற பொங்கலுக்குச் சுட்ட பானைகளில் பாதிக்கு மேல் சூளைக்குள்ளேயே வெடித்தன. எல்லாரும் சூளையைத்தான் குறை சொன்னோம். அப்புறம் நம் மூத்த குயவர் ஒருவர் உடைந்த ஓடுகளைக் கையில் எடுத்துப் பார்த்தார். மெல்லிய விளிம்புகள் முழுசாக இருந்தன. தடித்த அடிப்பாகம்தான் சிதறியிருந்தது. "சூளை மேல பழி போடாதீங்க, மண்ணு காயல" என்றார். கோலாலம்பூரில் பிற்பகலானால் மழை, காற்றிலும் எப்போதும் ஈரம். மேலே காய்ந்ததாகத் தெரியும் பானையின் அடியில் ஈரம் தங்கிவிடுகிறது. சூடு 100 டிகிரியைத் தாண்டும்போது அது ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் பானையை உடைக்கிறது. எந்தச் சூளை வாங்கியிருந்தாலும் இதே கதிதான்.

ஆகவே பழைய சூளைக்குக் சூடேற்றும் கம்பிச்சுருளை மட்டும் மாற்றினோம். மீதிப் பணத்தில், பானைகள் நன்றாகக் காய்வதற்காகக் கொட்டகைக் கூரையை உயர்த்தி, உச்சியில் காற்றுப்போக்கி வைத்து, அடியிலும் காற்று நுழையும்படி இடைவெளி விட்ட பலகை அடுக்குகள் செய்தோம். முதலில் வந்த கட்டுமானக் குத்தகையாளர் கூரையைப் பிரித்துப் போட்டுவிட்டுத் திரும்பி வரவே இல்லை. அன்றிரவு கொட்டிய மழையில் தார்ப்பாயோடு ஓடி வந்த உறுப்பினர்களை மறக்க மாட்டோம்.

ஆண்டு விழாவுக்கான சுடுதலில் 100 டிகிரிக்குக் கீழேயே இரவு முழுக்க வைத்திருந்தோம். 573 டிகிரியில் மண்ணிலுள்ள குவார்ட்ஸ் என்ற கனிமம் சட்டென்று விரியும், ஆறும்போது சுருங்கும். அந்த இடத்தை ஏற்றத்திலும் இறக்கத்திலும் மெல்லக் கடந்தோம். விழாக் காலையில் திறந்தபோது ஒரு பானைகூட உடையவில்லை. ஒரு சிறுமி செய்த யானையின் தும்பிக்கையில் மட்டும் விரிசல். அதையும் கண்காட்சியில் முன்வரிசையில் வைத்தோம்.

1881இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூர் நகரை அழித்த பிறகு, செங்கல்லும் ஓடும் கொண்டு கட்ட வேண்டும் என்று ஆணை வந்தது. அக்காலச் சீனர் தலைவர் யாப் ஆ லோய் இங்கே செங்கல் தொழிலை வளர்த்தார். நகரின் பிரிக்பீல்ட்ஸ் (செங்கல் வயல்கள்) பகுதியின் பெயரே அதனால் வந்தது என்று விழாவில் சொன்னபோது, பிள்ளைகள் சூளையைத் தொட்டுப் பார்க்க வரிசையில் நின்றார்கள்.

வரவு செலவுக் கணக்கு ரசீதுகளோடு அறிவிப்புப் பலகையில் இருக்கிறது. இனி ஒவ்வொருவரும் வனைந்த தேதியைச் சீட்டில் எழுதி அடுக்கில் வையுங்கள். அடிப்பாகத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தால் சில்லென்று இருக்கும் பானையில் இன்னும் ஈரம் இருக்கிறது; அதைச் சூளையில் ஏற்ற மாட்டோம்.