தம்பிக்கு: அந்த சூப்பர்மேன் கதையைப் படித்துவிட்டேன்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கு நானும் அம்மாவும் நலம். அம்மாவின் முட்டிவலி முன்னைக்கு இப்போது பரவாயில்லை. அங்கு நீயும் பாப்பாவும் நலமாக இருக்க வேண்டும். போனில் கூப்பிட்டால் "ம்", "சரிப்பா", "மீட்டிங் இருக்கு" என்பதற்குமேல் உன்னிடமிருந்து வார்த்தை வருவதில்லை. கடிதமென்றால் எடுத்து வைத்துப் பொறுமையாகப் படிப்பாய் என்று எழுத உட்கார்ந்தேன்.

மச்சில் இருந்த உன் காமிக்ஸ் பெட்டியை இறக்கினேன். கரையான் ஏறவில்லை, கவலைப்படாதே. அம்மா வேப்பிலை போட்டு வைத்திருந்தாள். அதிலிருந்த 'இன்ஜஸ்டிஸ்' புத்தகங்களை ஒவ்வொன்றாகப் படித்துவிட்டேன். முதல் சம்பளத்தில் வாங்கிக்கொண்டு வந்து, சூப்பர்மேன் கெட்டுப்போன கதைப்பா என்று சொன்னாயே, அதுதான். சிகாகோவில் இருக்கும் நெதர்ரெல்ம் ஸ்டுடியோஸ் 2013இல் ஒரு வீடியோ கேம் வெளியிட்டது, அதற்கு முன்கதையாக டிசி காமிக்ஸ் இதைத் தொடங்கியது, எழுதிய டாம் டெய்லர் ஆஸ்திரேலியாக்காரர், கேமை விற்க எழுதின கதை கேமையே தூக்கிச் சாப்பிட்டுவிட்டது என்று அன்றைக்கு அடுக்கிக்கொண்டே போனாய். ராத்திரி சாப்பாடு ஆறிப்போனது தெரியாமல் பேசினாய். அந்தப் பேச்சைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று.

படித்ததிலிருந்து ஒரு விஷயம் மனதில் கிடந்து உறுத்துகிறது. உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

தொடக்கத்தில் சூப்பர்மேன் படுக்கையில் கண் விழிக்கிறான். பக்கத்தில் மனைவி லோயிஸ் தூங்குகிறாள். உலகத்துச் சத்தமெல்லாம் கேட்கிற காது அவனுக்கு. அன்றைக்கு அவள் இதயத் துடிப்போடு இன்னொரு சின்னத் துடிப்பும் சேர்ந்து கேட்கிறது. குழந்தை. அந்தச் சந்தோஷத்தில் நேராக பேட்மேனிடம் போகிறான். இவன் வாய் திறப்பதற்கு முன்பே அவன் கண்டுபிடித்துவிடுகிறான். குழந்தைக்கு நீதான் ஞானத்தகப்பன் என்று கேட்டுவைக்கிற அளவுக்கு அப்படி ஒரு சிநேகம்.

அதற்கப்புறம் எல்லாம் வேகமாக நடந்துவிடுகிறது. பேட்மேனின் பழைய எதிரி ஜோக்கர் லோயிஸைக் கடத்துகிறான். சூப்பர்மேனின் சிநேகிதன் ஜிம்மி ஓல்சனைச் சுட்டுக் கொல்கிறான். ஸ்கேர்குரோ என்கிற இன்னொரு வில்லனின் நச்சுப்புகையில், சூப்பர்மேனுக்கு ஆகாத கிரிப்டோனைட் கல்லைக் கலந்து அவனைச் சுவாசிக்க வைக்கிறான். எதிரில் நிற்பது டூம்ஸ்டே என்கிற அரக்கன் என்று அவனுக்குத் தோன்றுகிறது. ஊர் தப்பட்டும் என்று அதை அள்ளிக்கொண்டு வானத்துக்கு அப்பால் பறக்கிறான். மயக்கம் தெளிந்து பார்த்தால் கையில் இருப்பது மனைவி. அவள் இதயத்தோடு அவர்கள் ஊரான மெட்ரோபோலிஸில் ஒரு அணுகுண்டைக் கோத்து வைத்திருக்கிறான் ஜோக்கர். அந்த இதயம் நின்றதும் ஊரும் போய்விட்டது. காலையில் அவன் காது கொடுத்துக் கேட்ட அதே துடிப்பு, தம்பி. அந்த இடத்தில் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய் நின்றேன். அம்மா என்னவென்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன்.

இவன் கெட்டுப்போனதற்கு ஆரம்பம் அந்தக் குண்டுதான் என்கிறார்கள். நீயும் அப்போது அப்படித்தான் சொன்னாய். எனக்கு அது சரியாகப் படவில்லை. பேட்மேன் விசாரித்துக்கொண்டிருந்த ஜோக்கரை, சுவரை உடைத்துக்கொண்டு வந்து மார்புக்குள் கையை விட்டுக் கொல்கிறானே, அதைக்கூட நான் ஆரம்பமாக வைக்க மாட்டேன். கொலை தப்புதான். ஆனால் மனைவியையும் வயிற்றுப் பிள்ளையையும் பறிகொடுத்தவனை அந்த ஒரு கணத்தை வைத்து எடைபோட எனக்கு மனம் வரவில்லை. ஆரம்பம் அதற்கப்புறம் வருகிறது, யாருக்கும் தெரியாமல். இனி எவரும் எவரையும் இழக்க விடமாட்டேன் என்று அவன் தீர்மானம் செய்கிறான். கேட்பதற்கு எவ்வளவு நல்ல தீர்மானம்! பியாலியா என்கிற நாட்டில் நடந்த அநியாயத்தை நிறுத்துகிறான். உலகத்தில் எங்கும் சண்டை கூடாது என்று அறிவிக்கிறான். அந்தப் பக்கங்களைப் படிக்கும்போது எனக்கும் சரிதானே என்றுதான் பட்டது. பயத்திலிருந்து பிறந்த தீர்மானம் என்பது வெளியே தெரியவில்லை.

அரசாங்கத்துக்காரர்கள் அவனைப் பணிய வைப்பதற்காக மிரர் மாஸ்டர் என்கிற வில்லனை ஏவி அவன் அப்பா அம்மாவைத் தூக்குகிறார்கள். மீட்டபிறகு இவன் அவர்களைத் தன் பனிக்கோட்டையில் கொண்டுபோய் வைக்கிறான். அங்கே அவர்களுக்கு ஒரு ஆபத்தும் வராது. கன்சாஸில் நிலம் உழுது வாழ்ந்த ஜோனதன் கென்ட்டுக்குக் காலையில் எழுந்தால் பார்க்க ஒரு மரமாவது வேண்டாமா? அவர் அதை மகனிடம் சொல்லியிருப்பாரா, மாட்டாரா என்று நானே யோசித்துக்கொண்டிருந்தேன். சொல்லியிருக்க மாட்டார். மகன் இருக்கிற நிலையில் எந்தத் தகப்பனுக்கு வாய் வரும்?

பாப்பா போன வாரம் பேசினாள். ஸ்கூல் பஸ்ஸை நிறுத்தியாச்சு தாத்தா, அப்பாதான் கொண்டுவிடுறாங்க என்றாள். நீச்சல் கிளாஸும் இல்லையாம். மாடி வீட்டுப் பிள்ளையின் பிறந்தநாளுக்கும் போகவில்லையாம். ரூமிலும் கேமரா இருக்கு, கையாட்டினா அப்பா ஆபீஸிலிருந்து பார்ப்பாங்க என்றாள். குறையாகச் சொல்லவில்லை. சரிம்மா என்று வைத்துவிட்டேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. பஸ்ஸை மட்டுமாவது திரும்பச் சொல்லிவிடு. சிநேகிதிகளோடு கத்திக்கொண்டு போகிற வயசு.

கதைக்கு வருகிறேன். பேட்மேன் ஒத்துக்கொள்ளவில்லை. ஆர்க்கம் என்கிற மனநோய்ச் சிறையின் கைதிகளை சூப்பர்மேன் இடம் மாற்றப் போகும்போது இரண்டு பக்கமும் மோதுகிறது. பேட்மேனின் சொந்த மகன் டேமியன் சூப்பர்மேன் பக்கம் நிற்கிறான். அவன் கோபத்தில் வீசின தடி பட்டு நைட்விங் விழுந்து சாகிறான், அண்ணன் ஸ்தானத்தில் இருந்தவன். வேற்றுலகத்துக் காலிபாக் படையெடுத்து வரும்போது சூப்பர்மேன் முதல்முறையாகக் கூட்டம் கூட்டமாகக் கொல்கிறான். ஊர் காப்பாற்றப்படுகிறது, ஜனங்கள் கும்பிடுகிறார்கள். பிறகு தன் ஆட்களுக்குப் பலம் தரும் மாத்திரை. ஒவ்வொரு படியிலும் அவனிடம் ஒரு நியாயம் இருக்கிறது, அதுதான் படிக்கப் படிக்க என்னைப் பதற வைத்தது.

எனக்கு ஆறாதது கோட்டைக்குள் நடக்கிற ஒரு காட்சி. அந்த மாத்திரையைத் திருட பேட்மேன் ஆட்கள் வருகிறார்கள். அவர்களில் ஒருவனான கிரீன் ஆரோ விட்ட அம்பு சூப்பர்மேன் உடம்பில் பட்டுத் தெறித்து அவன் அப்பாவின் தோளில் பாய்கிறது. தோளில்தான். கிழவர் பிழைத்துக்கொள்வார். மகனுக்கு அதைப் பார்க்கக் கண் இல்லை. அப்பா அம்மா கண்ணெதிரிலேயே கிரீன் ஆரோவை அடித்தே கொன்றுவிடுகிறான். யாரைக் காப்பாற்றப் பனிக்கோட்டைக்குள் வைத்தானோ அவர்களே அந்த முகத்தைப் பார்க்க வேண்டியதாயிற்று. அன்றைக்கே பேட்மேனின் முதுகெலும்பையும் முறிக்கிறான். பிறக்காத பிள்ளைக்கு ஞானத்தகப்பனாக இருக்கச் சொன்ன அதே ஆள்.

உன் சிநேகிதர், கல்யாணத்தில் மாலை எடுத்துக் கொடுத்தவர், பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது நம் வீட்டுக்கும் வந்திருந்தார். நீ போனை எடுப்பதில்லை என்றார். அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் அவர் சொன்னது உனக்குக் கசப்பாகப் பட்டிருக்கும், எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த ராத்திரி முழுக்க உன்னோடு நின்றவர் அவர். நாங்கள் வந்து சேரவே விடிந்துவிட்டது. ஒரு தடவை கூப்பிட்டுப் பேசு. மதுரையில் சம்பந்தி வீட்டிலும் பேத்தியைக் கேட்கிறார்கள். திதிக்கு நீ வரவில்லை என்று அவர்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை, எனக்குத்தான் பொறுக்கவில்லை. அவர்களும் பறிகொடுத்தவர்கள்தானே, தம்பி.

இப்படி எழுதுவதால் உன்னைக் குறை சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதே. தலைவாரிவிடக்கூடத் தெரியாத நீ, பாப்பாவுக்கு இரட்டைப் பின்னல் பின்னி, ரிப்பன் கட்டி, முன் நெற்றியில் ஒரு முடி பறக்காமல் அனுப்புகிறாய். ஸ்கூல் போட்டோவை அம்மா பீரோ கண்ணாடியில் ஒட்டி வைத்திருக்கிறாள். வருகிறவர்களிடமெல்லாம் காட்டுகிறாள். என் காலத்தில் எந்த ஆம்பிளையும் இதைச் செய்ததில்லை. நீ செய்கிறாய்.

இந்தக் கெட்ட சூப்பர்மேன் புதுசு என்றுதான் நினைத்திருந்தேன். முன்பே உண்டாம். 1964இல் ஜஸ்டிஸ் லீக் கதையில் அல்ட்ராமேன் என்று ஒருவன், வேறொரு பூமியில். கிரிப்டோனைட் பட்டால் அவனுக்குப் புதுப்புதுச் சக்தி சேரும். அவன் வரும்போதே கெட்டவனாகத்தான் வருகிறான், அதனால் அவனைப் பார்த்து எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அதற்கும் முன்னால் உள்ளதுதான் என்னை உலுக்கியது. சூப்பர்மேனைப் படைத்தவர்களில் ஒருவரான ஜெர்ரி சீகல் கிளீவ்லாந்தில் பள்ளிக்கூடம் படித்துக்கொண்டிருந்தபோது, 1932 ஜூனில், அவர் அப்பா தன் துணிக்கடைக்குள் திருடர்கள் புகுந்த சமயத்தில் நெஞ்சடைத்து இறந்துபோனார். 1933 ஜனவரியில் அந்தப் பையன் தன் கைப்பத்திரிகையில் எழுதிய முதல் 'சூப்பர்மேன்' கெட்டவன். உலகத்தை அடக்கி ஆளப் பார்க்கிறவன். படம் போட்டது ஜோ ஷஸ்டர். பிறகு அதே இரண்டு பேரும் அந்தப் பெயரை எடுத்து, குண்டு துளைக்காத உடம்பும் இரங்குகிற மனசும் கொடுத்து, 1938இல் ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழில் நாமெல்லாம் அறிந்தவனைக் கொண்டுவந்தார்கள். அப்பாவின் சாவுக்கும் இதற்கும் முடிச்சுப் போடலாமா என்று எனக்குச் சொல்லத் தகுதி இல்லை. நான் சொல்வது வரிசையைத்தான். இருட்டானவன் முதலில் வந்தான், அவனை அப்படியே விட்டுவிடாமல் திருப்பி எழுதினார்கள்.

நம் இரும்புக்கை மாயாவியும் அப்படித்தானே. 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வரத் தொடங்கியபோது அவனைத்தான் முதல் இதழாகப் போட்டார்கள். எங்கள் தெருவில் ஒரே புத்தகம் எட்டு வீடு சுற்றும். இங்கிலாந்தில் 1962இல் 'வேலியன்ட்' பத்திரிகையில் வந்த முதல் தொடரில் அந்த லூயிஸ் கிரண்டேல், கை போன பிறகு, மின்சாரம் பட்டு மறையும் சக்தி வந்ததும், குற்றவாளியாகத்தான் மாறுகிறான். பிறகு திரும்பி வந்து, சாகசம் சாகசமாக நல்லது செய்கிறான். உன்னை மடியில் வைத்துக்கொண்டு நான் படித்துக் காட்டியது திரும்பி வந்த மாயாவியை.

இந்த சூப்பர்மேனைத் திரும்ப விடவில்லை. கேமில் ஐந்து வருஷம் கழித்துப் பார்த்தால் உலகமே அவன் கைக்குள் இருக்கிறது. மெட்ரோபோலிஸையும் பேட்மேனின் ஊரான கோத்தமையும் அழிக்கிறேன் என்கிறான். வேண்டாம் என்று சொன்ன ஷஸாமை, உள்ளுக்குள் இன்னும் சின்னப் பையனாக இருப்பவனை, அங்கேயே கொல்கிறான். அதைப் பார்த்துத்தான் அதுவரை அவன் பக்கம் இருந்த ஃப்ளாஷ் அவனை விட்டு விலகுகிறான். கடைசியில் வேறோர் உலகத்து சூப்பர்மேனை வரவழைத்து இவனை அடக்குகிறார்கள். அந்த ஐந்து வருஷத்தில் அவனோடு இருந்தவர்கள் அவன் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினார்கள், எதிர்த்தவர்கள் மோதினார்கள். நடுவில் போய் உட்கார்ந்து, சாப்பிட்டாயா, தூங்கினாயா, அவளைப் பற்றிப் பேசு, நான் கேட்கிறேன் என்று சொல்ல ஒரு ஆள் இல்லை. அவளைப் பற்றி நீ பேசினால் நானும் அம்மாவும் எத்தனை மணி நேரமானாலும் கேட்போம். அழுதாலும் கேட்போம்.

தீபாவளி லீவுக்குப் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு வா. உனக்கு லீவு கிடைக்காதென்றால் நானே வந்து அழைத்து வருகிறேன். நாகர்கோவில் வண்டியில் எனக்குக் கீழ் பெர்த் கொடுத்துவிடுவார்கள், பாப்பாவைப் பக்கத்திலேயே படுக்க வைத்துக்கொள்வேன். வழியில் மதுரையில் இறங்கி ஒரு நாள் அவள் ஆச்சி வீட்டில் இருந்துவிட்டு வரலாம். வண்டி ஏறியதும் போன் செய்கிறேன், ஒவ்வொரு ஸ்டேஷனிலும் வேண்டுமானாலும் செய்கிறேன். பஸ் விஷயத்தையும் யோசி. லீவு எந்தத் தேதியில் விடுகிறார்கள் என்று எழுது, டிக்கெட் போட வேண்டும்.

அன்புடன்,
அப்பா