டஸ்டர் வாங்கிய மாப்ளைக்கு

பொள்ளாச்சி

அன்புள்ள மாப்ளே,

கடிதமும் வண்டிப் படங்களும் வந்தன. மருமகளுக்கு ஏழாம் மாதம் என்று வீட்டில் சொன்னதிலிருந்து ஒரே வளைகாப்புப் பேச்சுதான். ஓசூருக்கு நாங்கள் இருவரும் கண்டிப்பாக வந்துவிடுவோம். எனக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, சுகரும் கட்டுக்குள் இருக்கிறது. சின்னவன் புனேயில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். தென்னையில் வெள்ளை ஈ விழுந்து காய்ப்பு பாதியாகிவிட்டது, அதை நேரில் பேசிக்கொள்வோம்.

இப்போது உன் ரெனோ டஸ்டர் கார். 2014 மாடல், 85 குதிரைத் திறன் டீசல், மீட்டரில் 78,000, தூத்துக்குடி ரிஜிஸ்ட்ரேஷன், சர்வீஸ் புக் இல்லை. மெக்கானிக் மேல் கவரைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "டைமிங் பெல்ட் புதுசு மாதிரி இருக்கு அண்ணாச்சி, 1 லட்சம் வரைக்கும் தொட வேண்டாம்" என்றாராம். எஞ்சினில் பிஸ்டனையும் வால்வையும் ஒரே தாளத்தில் ஓட வைக்கிற அந்த ரப்பர் பெல்ட் விஷயத்தில் அவரை நம்பலாமா என்று கேட்டிருக்கிறாய். அவர் நல்ல வேலைக்காரராகவே இருக்கட்டும், இந்த ஒரு விஷயத்தில் அவர் சொன்னதைக் கேட்காதே. மருமகளை அழைத்துவர ஓசூர் கிளம்புவதற்கு முன்னால் பெல்ட்டை மாற்றிவிடு.

பெல்ட்டைப் பார்த்து வயது சொல்வது அந்தக் காலத்துப் பழக்கம். முன்பு நியோப்ரீன் ரப்பரில் பெல்ட் வந்தது. வயதாகிவிட்டால் முதுகில் வெடிப்பு விடும், பார்த்தாலே தெரியும். இப்போது வருவது ஹெச்.என்.பி.ஆர். என்ற வேறு ரப்பர். சூட்டை அதைவிட நன்றாகத் தாங்கும், வெடிப்பும் லேசில் காட்டாது. அதோடு, பாரத்தை இழுப்பது ரப்பர் இல்லை, அதற்குள்ளே ஓடும் கண்ணாடி இழைக் கயிறுகள்தான். கோடிக்கணக்கான முறை புல்லியில் மடங்கி நிமிர்ந்து அந்த இழைகள் சோர்ந்துபோனால் வெளியிலிருந்து எப்படித் தெரியும்? வெடிப்போ, நைந்த ஓரமோ, ஆயில் பட்ட ஈரமோ கண்ணில் பட்டால் உடனே மாற்ற வேண்டும், அது சரி. ஒன்றும் தெரியவில்லை என்பதற்காக நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. சர்வீஸ் ஒர்க்‌ஷாப்பில் சூப்பர்வைசராக இருந்த காலத்தில், அறுந்துபோய் வந்த பெல்ட்டுகளைக் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். பல் எல்லாம் கூராக, எழுத்துகூட அழியாமல் இருந்த பெல்ட்டும் அதில் உண்டு.

அதனால் முடிவு எடுக்கக் கண்ணை விடு, கணக்கைப் பார். பெரும்பாலான கம்பெனிகள் பெல்ட்டுக்கு இரண்டு எல்லை வைக்கும்: இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை வருஷம், எது முதலில் வருகிறதோ அது. வண்டிக்கு வண்டி மாறும், பொதுவாக 60,000-இலிருந்து 1,60,000 கிலோமீட்டர் வரைக்கும், 4-இலிருந்து 10 வருஷம் வரைக்கும் போகும். நம் ஆட்கள் கிலோமீட்டரை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டு வருஷத்தை மறந்துவிடுவார்கள். உன் மெக்கானிக் செய்ததும் அதுதான். வண்டி ஓடாமல் நின்றாலும் ரப்பருக்கு வயது கூடிக்கொண்டுதான் இருக்கும். கம்பெனியில் போட்ட பெல்ட்டே இன்னும் உள்ளே இருந்தால் அதற்குப் பத்து வருஷம் தாண்டிவிட்டது. கிலோமீட்டரைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை, இங்கேயே முடிவு வந்துவிடுகிறது.

சரி, அந்த 78,000-ஐயாவது நம்பலாமா? செகண்ட் ஹேண்ட் சந்தையில் மீட்டரைக் குறைப்பது எவ்வளவு சுலபம் என்று உனக்கே தெரியும். உண்மையான கணக்காக இருந்தாலும் அது எப்படிப்பட்ட 78,000 என்று பார்க்கணும். நாற்கரச் சாலையில் சராசரி 60-இல் ஓடிய வண்டிக்கு அது 1,300 மணி நேர ஓட்டம். ஊருக்குள்ளேயே சராசரி 20-இல் ஊர்ந்த வண்டிக்கு 3,900 மணி நேரம். மீட்டரில் ஒரே எண், பெல்ட்டுக்கு மூன்று மடங்கு உழைப்பு. ஏ.சி. போட்டு நிறுத்தி வைத்த நேரமெல்லாம் மீட்டரில் ஏறவே ஏறாது.

தூத்துக்குடி வண்டி என்பதால் இன்னொன்றும் விசாரி. 2023 டிசம்பர் வெள்ளத்தில் அது எங்கே நின்றது? தண்ணீரில் நின்ற வண்டியென்றால் பெல்ட் கவருக்குள் சேறும் மணலும் போயிருக்கும். பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனரின் பேரிங்கில் தண்ணீர் இறங்கினால் கிரீஸ் போய்விடும். ப்ரோக்கர் இதையெல்லாம் தானாகச் சொல்ல மாட்டார். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார், சேற்றுக் கறை இருந்தால் அங்கே தெரிந்துவிடும்.

அறுந்தால் என்ன ஆகும் என்று தங்கச்சி கேட்டதாக எழுதியிருக்கிறாய். அந்த பெல்ட்தான் பிஸ்டன்களோடு இணைந்த கிராங்கையும் வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட்டையும் ஒரே தாளத்தில் வைக்கிறது. கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று. 3,000 ஆர்.பி.எம்.மில் ஒவ்வொரு வால்வும் விநாடிக்கு 25 முறை திறந்து மூடும். டீசல் எஞ்சினில் பிஸ்டன் மேலே வரும்போது வால்வுகள் இருக்கும் ஹெட்டுக்கும் அதற்கும் நடுவே மயிரிழை இடம்தான். பெல்ட் போனால் வால்வு திறந்தபடியே நிற்கும், பிஸ்டன் வந்து முட்டும். உன் டி.சி.ஐ. எஞ்சினும் இந்த ஜாதிதான்.

போன வருஷம் பக்கத்துத் தெருக்காரர் ஒருவரின் டீசல் காரில் இப்படி ஆகி, ஹெட்டை இறக்கிய அன்று என்னைக் கூப்பிட்டிருந்தார். கரி படிந்த பிஸ்டன் தலையில், நகத்தால் கீறியதுபோலப் பளபளவென்று பிறை வடிவத் தடம். நாலு பிஸ்டனிலும் அதே இடத்தில். வால்வுகளைக் கண்ணாடி மேல் வைத்து உருட்டிப் பார்த்தார்கள், ஒவ்வொன்றும் வளைந்துபோய், தலையை ஆட்டிக்கொண்டு உருண்டது. பெல்ட் வேலை சில ஆயிரங்களில் முடிந்திருக்கும். அவருக்கு ஆனது அதைப் போல் பல மடங்கு, வண்டி ஒரு மாதத்துக்கு மேல் ஒர்க்‌ஷாப்பிலேயே கிடந்தது.

பணம்கூடப் போகட்டும். ஓசூரிலிருந்து திரும்பும்போது தருமபுரி தாண்டித் தொப்பூர் இறக்கம் வருகிறதே, அங்கே எஞ்சின் நின்றால் ஸ்டியரிங் கல் மாதிரி ஆகிவிடும், பிரேக் பெடலும் இரண்டு மூன்று மிதியில் இறுகிவிடும். பின்னால் லாரிகள். பிள்ளைத்தாய்ச்சிப் பெண்ணை உட்கார வைத்துக்கொண்டு அந்த இறக்கத்தில் உன்னை நினைத்துப் பார்க்கவே எனக்கு மனசு வரவில்லை.

வேலை கொடுக்கும்போது வெறும் பெல்ட்டை மட்டும் மாற்றச் சொல்லாதே. இந்த எஞ்சினில் டீசல் ஹை பிரஷர் பம்பும் வாட்டர் பம்பும் அதே பெல்ட்டில்தான் ஓடுகின்றன. பழைய வாட்டர் பம்ப் ஒழுகினாலோ இறுகினாலோ புது பெல்ட்டும் போய்விடும். வலப்பக்க எஞ்சின் மவுண்டைக் கழற்றி, அடியில் ஜாக் கொடுத்துச் செய்கிற வேலை என்பதால் கூலிதான் பெரிசு. அதை இரண்டு தடவை கொடுக்காதே. பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப், புதுக் கிராங்க் புல்லி போல்ட், எல்லாம் ஒன்றாகப் போகட்டும். ஆயில் சீல் ஈரமாக இருந்தால் அதுவும். கழற்றிய டென்ஷனரைக் கையில் வாங்கி விரலால் சுற்றிப் பார்: கிரீஸ் இருக்கிற பேரிங் சத்தமில்லாமல் கனமாகச் சுற்றி உடனே நிற்கும், காய்ந்தது சரசரவென்று சுற்றிக்கொண்டே இருக்கும்.

வெளியே ஆல்டர்னேட்டர், ஏ.சி.க்கு ஓடுகிற பெல்ட்டையும் கையோடு மாற்று. அது நைந்து நூல் பிரிந்தால், கிராங்க் புல்லி வழியாக உள்ளே நுழைந்து டைமிங் பெல்ட்டையே பல் தாண்ட வைத்துவிடும். ரெனோ எஞ்சின்களில் இது தெரிந்த கதை.

ஸ்பேருக்குக் கவலைப்படாதே. ஒரகடத்தில் செய்த வண்டி, இதே எஞ்சின்தான் டெர்ரானோ, சன்னி டீசல், மைக்ரா டீசல், வெரிட்டோ எல்லாவற்றிலும். பெயர் தெரிந்த பெல்ட் கம்பெனியின் முழு கிட்டாக, சீல் பிரிக்காத பெட்டியாக, பில்லோடு வாங்கு. பெல்ட்டை யாரும் முறுக்கவோ கையில் மடக்கவோ விடாதே, உள்ளே இழை ஒடிந்துவிடும். கிராங்க்கும் கேமும் அசையாமல் பூட்டுகிற லாக் பின் வைத்திருக்கிற மெக்கானிக்காகப் பார். பெயிண்ட்டில் குறி போட்டு மாற்றிவிடலாம் என்பவரிடம் கொடுக்காதே. பூட்டியதும் பின்னை எடுத்துவிட்டு ஸ்பானரால் எஞ்சினைக் கையாலேயே இரண்டு சுற்று சுற்றி, அந்த லாக் பின் திரும்ப உட்காருகிறதா என்று பார்த்த பிறகுதான் சாவி போடணும். இதை நீ பக்கத்தில் நின்று பார்.

மாற்றும் வரைக்கும் பேட்டரி இறங்கினால் தள்ளி ஸ்டார்ட் பண்ணாதே, முக்கியமாக ரிவர்ஸில். பழைய பெல்ட் பல் தாண்டிவிடலாம்.

உன் தம்பி இன்னோவாவில் டைமிங் பெல்ட்டை மாற்றச் சொல்லும் டி-பெல்ட் விளக்கு எரியவில்லையே என்று நிம்மதியாக இருக்கிறானாம். அந்த விளக்கு பெல்ட்டைப் பார்க்காது, கிலோமீட்டரை மட்டும்தான் எண்ணும். பெல்ட்டை மாற்றாமலே யாரும் அதை ரீசெட் பண்ணலாம். பழைய பில்லைத் தேடச் சொல். என் ஸ்விஃப்ட் டீசலில் இருப்பது செயின், எனக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போட்டால் செயினும் நீளும்.

இந்த பெல்ட்டுக்குக் கதையும் உண்டு. 1962-இல் ஜெர்மனியில் டிங்கோல்ஃபிங் ஊரின் கிளாஸ் என்ற சின்னக் கம்பெனி, பெருமளவில் தயாரித்த கார்களில் முதன்முதலாக 1004 என்ற காரில்தான் இதைப் போட்டது. அதுவரைக்கும் பெரும்பாலும் செயினும் பல்சக்கரமும்தான். சத்தம் குறைந்தது, எடை குறைந்தது, ஆயிலும் வேண்டாம். அந்தச் சின்னக் கம்பெனியைப் பின்னால் பி.எம்.டபிள்யூ. வாங்கிக்கொண்டது.

அடுத்த வாரத்திலேயே ஒரு நாள் ஒதுக்கு. மதுரையில் எனக்குத் தெரிந்த பையன் ஒருவன் இந்த எஞ்சினுக்கான லாக் பின் செட் வைத்திருக்கிறான், பேசி வைக்கட்டுமா என்று போனில் சொல். முடிந்ததும் தேதியையும் மீட்டர் கணக்கையும் ஒரு ஸ்டிக்கரில் எழுதி பானெட்டுக்கு அடியில் ஒட்டிவிடு. பழைய பெல்ட்டை ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிடாமல் வளைகாப்புக்கு வரும்போது எடுத்து வா, முதுகில் என்ன அச்சடித்திருக்கிறது என்று நானும் பார்க்கணும்.

தங்கச்சிக்கும் மருமகளுக்கும் எங்கள் அன்பு.

உன்
மச்சான்