வரிப் பட்டியல்ல ஒரு கட்டம் கொறையுதுங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கமுங்க. வேலந்தாவளம் மார்க்கெட்ல காய் ஏத்தி பாலக்காட்டுக்கு ஓட்டுற சிஎன்ஜி லோடு ஆட்டோ நம்மளுது. பூமிக்கடியிலேர்ந்து கேஸ் எடுக்குற கம்பெனிக்கு எந்த நாட்டுல எத்தன சதவீதம் வரின்னு நீங்க போட்ட பட்டியல பம்புல லைன்ல நின்னுட்டேதான் படிச்சேன், நார்வே 78, பிரிட்டன் 78ன்னு பக்கத்துல பக்கத்துல போட்டா ரெண்டும் ஒண்ணுன்னுதானுங்க படிக்கிறவன் நெனைப்பான்.

ஒண்ணில்லீங்க. நார்வேக்காரன் வாங்குறதும் பெருசு குடுக்குறதும் பெருசு, 2005லேர்ந்து பல வருஷம், லாபமே பாக்காத கம்பெனி கடல்ல தேடிச் செலவு பண்ணுனாக்கூட அதுல 78 சதவீதத்த ரொக்கமாவே திருப்பிக் குடுத்தாங்க. பிரிட்டன்ல கத வேற, 2022ல வில ஏறுனப்போ ஏற்கெனவே இருந்த வரிக்கு மேல 25 சதவீதம்னு எக்ஸ்ட்ரா வரி போட்டு, அப்புறம் 35, 2024 நவம்பர்ல 38ன்னு ஏத்தி, அதோட போட்ட மொதலுக்காக அந்த எக்ஸ்ட்ரா வரிக் கணக்குல கழிச்சுக்கோன்னு குடுத்துட்டிருந்த 29 சதவீதக் கழிவையும் புடுங்கிட்டாங்க.

அமெரிக்காவுக்கு வெறும் 21ன்னு போட்டுட்டீங்க, அங்க விஷயமே கழிவுலதான இருக்கு. கெணறு தோண்டுற கூலி, டீசல் செலவையெல்லாம் சின்ன கம்பெனிக மொத வருஷமே முழுசா கழிச்சுக்கலாம், இந்த வழக்கம் 1913லேர்ந்து இருக்குதுங்க. அது போக வித்த காசுல 15 சதவீதம் தனிக் கழிவு, போட்ட மொதல் முழுக்கக் கழிச்சு முடிஞ்ச பொறவும் உண்டு! ஆட்டோ வாங்குன காச முழுசா கணக்குல கழிச்ச பொறவும் வருஷா வருஷம் இன்னும் கழிச்சுக்கோன்னு எனக்கு எவனாச்சும் சொல்லுவானுங்களா. ஆஸ்திரேலியாவுல பழைய செலவ வட்டி மாதிரி ஏத்தி ஏத்தி அடுத்த வருஷத்துக்குத் தள்ளிட்டே போனாங்க, 2023 ஜூலைலேர்ந்துதான் எல்என்ஜி, அதாவது கேஸ குளுர வெச்சுத் திரவமாக்கி விக்குற ப்ராஜெக்ட்டுக, வருமானத்துல 90 சதவீதத்துக்கு மேல கழிக்கக் கூடாதுன்னு கடிவாளம் போட்டாங்க.

நம்ம நாட்டுலயும் எண்ணெய், கேஸ் தேடுறதுக்கு மத்திய அரசு விட்ட எட்டாவது ஏலத்துல எடுத்த பிளாக்குகள்ல கேஸ் எடுத்தா 7 வருஷம் வரி விடுமுறைன்னு இருந்துச்சு, 2017 மார்ச்சுக்குப் பொறவு உற்பத்தி ஆரம்பிக்கறவங்களுக்கு அது இல்ல. சரி, கம்பெனிக்கு விடுமுறை விட்டாங்க, வண்டிக்கு கேஸ் புடிக்கிறவனுக்கு? சிஎன்ஜிக்கு மத்திய எக்சைஸ் 14 சதவீதம், அதுக்கு மேல வாட்ங்கற மாநில விற்பனை வரி, 2017ல ஜிஎஸ்டி வந்தப்பவே இந்த கேஸ வெளிய நிறுத்திட்டாங்க, அதனால தமிழ்நாடு-கேரளா எல்லையில இருக்குற வாளையாறுக்கு அக்கட்டால ஒரு வாட் இக்கட்டால ஒரு வாட், கொச்சியில இருந்து கூற்றநாடு வழியா வாளையாறு வர்ற குழா என்னமோ ஒண்ணுதான்.

பேக்கரியில டீயும் பப்ஸும் வாங்குனாக்கூட சிஜிஎஸ்டி எஸ்ஜிஎஸ்டின்னு பிரிச்சு பில் தர்றாங்க. அன்னிக்கு பிரஷர் கம்மின்னு முக்கா மணி நேரம் நிக்க வெச்சு பம்புல குடுத்த சீட்டுல கிலோ, ரேட்டு, தொகை, அவ்ளோதான், வரின்னு ஒரு வரி கெடையாது, வண்டியில தக்காளி வேற வெயில்ல வேகுது.

அடுத்த வாட்டி பட்டியல் போட்டா கம்பெனிக்கு வரி எத்தன, கழிவு எத்தனங்கறதோட, பம்புல நாங்க கிலோவுக்கு எத்தன ரூவா வரியா குடுக்கறோம்னு ஒரு கட்டம் சேத்துப் போடுங்க. கோயமுத்தூரு கணக்கும் பாலக்காட்டுக் கணக்கும் தனித்தனியா வேணுமுங்க.

இப்படிக்கு,
ஒரு லோடு ஆட்டோக்காரன், கொழிஞ்சாம்பாறை