பாப்பாவின் கிராஃபிக்ஸ் கார்டு விஷயமாக

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. தலைக்குக் குளிக்க அவசரப்பட வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல். நீ சொன்னால் கேட்க மாட்டார்கள். இங்கே எல்லோரும் சுகம். பெரியவனுக்கு ஓசூரில் வேலை கிடைத்துவிட்டது. அவன் இன்னும் பெட்டியே கட்டவில்லை, அதற்குள் வீடு வெறிச்சோடிப் போனதாக இவள் புலம்ப ஆரம்பித்துவிட்டாள்.

பாப்பாவின் வேலைக்காக உன் கணினியில் மாட்ட இரண்டாம் கையாக ஒரு கிராஃபிக்ஸ் கார்டு வாங்கும் விஷயத்துக்கு வருகிறேன். 15,000 ரூபாய்க்கு மேல் ஒரு பைசா கிடையாது என்று நீ எழுதியிருக்கும் வேகத்தைப் பார்த்தால் வீட்டில் பெரிய பஞ்சாயத்தே நடந்திருக்கிறது போலிருக்கிறது. போகட்டும், அந்தப் பணத்தில் முடிக்கலாம். ஆனால் முழுப் பணத்தையும் கார்டில் போட முடியாது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

உன் அலுவலகத்துப் பையன் ஏஎம்டி நிறுவனத்தின் ஆர்எக்ஸ் 580 கார்டை வாங்கச் சொன்னான் என்கிறாய். பாப்பா விளையாடுவதற்காகக் கேட்டிருந்தால் நானும் தலையாட்டியிருப்பேன். 8 ஜிபி நினைவகம், மலிவான விலை, 2017-இல் வந்த கார்டாக இருந்தாலும் இன்னும் உழைக்கிறது. ஆனால் அவள் செய்வது பிளெண்டர் என்ற மென்பொருளில் முப்பரிமாணப் பட வேலை. 2021 டிசம்பரில் வந்த பிளெண்டர் 3.0-இலேயே ஏஎம்டி கார்டுகளைப் பயன்படுத்த உதவிய ஓப்பன்சிஎல் வழியை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு வந்த ஏஎம்டி ஆதரவு புதிய சிப்புகளுக்குத்தான், 580-க்குக் கிடையாது. இந்தக் கார்டை வாங்கிப் போட்டால் காட்சியைக் கணக்கிட்டுப் படமாக்கும் பிளெண்டரின் சைக்கிள்ஸ் ரெண்டரில் அது கைகட்டி நிற்கும், வேலை முழுவதும் பிராசஸர் தலையில் விழும். அந்தப் பையன் சொன்னது தவறில்லை, அவன் கேட்டுக்கொண்ட கேள்வி வேறு.

ஆகவே என்விடியா நிறுவனத்தின் கார்டுதான். அதிலும் ஜிடிஎக்ஸ் 1060, 1070 பக்கம் போகாதே. 2025 அக்டோபரோடு அந்த வரிசைக்கு கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரின் வழக்கமான புதுப்பிப்புகளை நிறுத்திவிட்டார்கள், இனிப் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும்தான். ஆர்டிஎக்ஸ் 2060-இல் தொடங்கு. பேரம் படிந்தால் ஆர்டிஎக்ஸ் 3060, 12 ஜிபி. ரெண்டர் வேகத்தைவிட இந்த நினைவகம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பாப்பா அனுப்பிய அந்த உப்பளக் காட்சியைப் பார்த்தேன். ஒவ்வொரு உப்புக் குவியலுக்கும் தனித்தனிப் பெரிய படங்களை ஒட்டியிருக்கிறாள். அதெல்லாம் கார்டின் நினைவகத்தில் உட்கார வேண்டும். இடம் போதாவிட்டால் ரெண்டர் நத்தையாக ஊரும், அல்லது பாதியில் நின்றுவிடும். 2060-இன் 6 ஜிபி இன்றைக்குப் போதும். அவள் வளரும் வேகத்துக்கு எத்தனை நாள் தாங்கும் என்பதுதான் கேள்வி.

இங்கே ஒரு சூழ்ச்சியும் உண்டு. 3060 என்ற அதே பெயரில் 8 ஜிபி கார்டும் சந்தையில் இருக்கிறது. குறைந்தது நினைவகம் மட்டும் என்று நினைத்துவிடாதே. நினைவகத்துக்குப் போகும் பாதையும் 192 பிட்டிலிருந்து 128 பிட்டாகச் சுருங்கிவிட்டது. பெட்டியின் முகப்பைப் பார்த்தால் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். ஜிபியு-இசட் என்ற சின்ன மென்பொருளைத் திறந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். போலிக் கார்டுகளும் அதில் மாட்டிக்கொள்ளும். பழைய ஜிடிஎஸ் 450 கார்டுக்குள் பதிந்திருக்கும் பயாஸ் என்ற அடிப்படை மென்பொருளை மாற்றி எழுதி, ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று பெயர் சூட்டி விற்கிற கூட்டம் ஒன்று இருந்தது. 1050 டிஐ என்று சொல்லும் கார்டில் பழைய திரைகளை இணைக்கும் நீல நிற விஜிஏ துளை இருந்தால் விலையே கேட்காமல் நடையைக் கட்டு.

இப்போது நான் தள்ளிப்போட்ட செய்தி. உன் கணினியை கேபினட்டோடு சேர்த்துத்தானே வாங்கினாய்? அதனுள்ளே எல்லாவற்றுக்கும் மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டி மீது 450 வாட் என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பான், அதை நம்பாதே. பக்கவாட்டு லேபிளில் 12 வோல்ட் என்ற கட்டத்துக்கு நேராக எத்தனை ஆம்பியர் என்று பார். 16 என்றிருந்தால் கார்டும் பிராசஸரும் பங்கு போட்டுக்கொள்ள மொத்தமே 192 வாட்தான். 3060 ஒன்றே 170 வாட் கேட்கும். கார்டுக்கு மின்சாரம் தரும் 8 முனை இணைப்பும் அந்த எஸ்எம்பிஎஸ்ஸில் இருக்காது. கடைக்காரர் இருபது ரூபாய்க்கு ஒரு மாற்று வயரை நீட்டுவார். அப்படி மாட்டி முனை உருகிப்போய் என் மேஜைக்கு வந்த கார்டுகளைப் பார்த்திருக்கிறேன். கறுத்த பிளாஸ்டிக் நாற்றம் அறையை விட்டுப் போக வெகுநேரம் ஆகும். எனவே 3,000 ரூபாயை நல்ல எஸ்எம்பிஎஸ்ஸுக்கு முதலிலேயே ஒதுக்கிவிடு. கையில் நிற்பது 12,000. தொகை சுருங்குகிறதே என்று வருந்தாதே, உயிரோடிருக்கும் 2060 செத்துப்போன 3060-ஐவிட மேல்.

"மைனிங் கார்டு என்றால் தொடவே தொடாதே" என்று எல்லோரும் சொல்வார்கள். 2022 செப்டம்பர் 15 அன்று எத்தீரியம் என்ற டிஜிட்டல் நாணயம் தன் முறையை மாற்றிக்கொண்டது. அதோடு கார்டுகளை வைத்து அதைத் தோண்டும் மைனிங் தொழில் படுத்துவிட்டது, மூட்டை மூட்டையாகக் கார்டுகள் சந்தைக்கு வந்தன. இன்று இரண்டாம் கையாகக் கிடைக்கும் 2060, 3060-களில் எது அங்கிருந்து வந்தது, எது வரவில்லை என்று சத்தியம் செய்ய யாராலும் முடியாது. என் அனுபவத்தில் அது அவ்வளவு பெரிய பாவமும் இல்லை. விவரம் தெரிந்தவன் மின்சாரச் செலவுக்குப் பயந்து மின்னழுத்தத்தைக் குறைத்துத்தான் ஓட்டியிருப்பான். தேய்வது ஃபேன்தான், காய்வது சிப்பின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்தான். இரண்டையும் மாற்றலாம். நான் பயப்படுவது சூடு காட்டி உயிர் கொடுத்த கார்டைப் பார்த்துத்தான். செத்த கார்டின் சிப்பைச் சூடேற்றி எழுப்பி, அது மறுபடி படுப்பதற்குள் தலையில் கட்டிவிடுவார்கள்.

தங்கை மகனுக்கு வாங்கும்போது இதை நேரிலேயே பார்த்தேன். முதலில் போன இடத்தில் கார்டு கண்ணாடிபோலப் பளபளத்தது. திருப்பிப் பார்த்தால் சிப்பைச் சுற்றிப் பழுப்பாகக் கறை, நாலு திருகிலும் நட்சத்திரக் குழி மழுங்கியிருந்தது. மாட்டிக் காட்டச் சொன்னால் "கரண்ட் இல்லை" என்றார், தலைக்கு மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. இன்னொருவர் வீட்டில் கிடைத்த கார்டு தூசி படிந்து பார்க்கவே சகிக்கவில்லை. ஆனால் திருகின் மேலிருந்த ஒட்டுத்தாள் கிழியவில்லை, வாங்கிய பில் இருந்தது, கேட்பதற்கு முன்பே தன் கணினியில் ஓட்டிக் காட்டினார். அரை மணி நேரம் ரெண்டர் போட்டோம். வெப்பம் 74 பாகையில் நின்றது, சிப்பின் மிகச் சூடான இடமான ஹாட் ஸ்பாட் அதைவிடப் பத்துப் பன்னிரண்டு பாகைதான் கூடுதல். திரையில் ஒரு புள்ளிகூட மினுங்கவில்லை. அதைத்தான் வாங்கினோம்.

உன் ஊர்க் கார்டென்றால் இன்னொன்றும் பார்க்க வேண்டும். கடற்கரைக் காற்று, துளைகள் இருக்கும் இரும்புப் பட்டையில் துருவும் செம்புக் குழாய்களில் பச்சையும் ஏற்றிவிடும். மேலே பச்சை தெரிந்தால் உள்ளேயும் இருக்கும் என்றே வைத்துக்கொள்.

பேசாமல் நீயும் பாப்பாவும் இங்கே சென்னைக்கு வாருங்கள். ரிச்சி தெருவில் எனக்குத் தெரிந்த கடைகள் இருக்கின்றன, மாட்டிக் காட்டாமல் காசு கேட்க மாட்டார்கள். தனியாரிடம் வாங்கினால் விலை இன்னும் இறங்கும், ஆனால் ஒரு வாரம் கழித்துத் திருப்பிக் கொடுக்க ஆள் இருக்காது. யாருக்கும் முன்பணம் அனுப்பிவிடாதே. கூரியரில் வரும் என்று சொல்லும் எதையும் வாங்காதே.

வருவதற்கு முன் கேபினட்டைத் திறந்து, கார்டு மாட்டும் இடத்திலிருந்து முன்பக்கத் தகடுவரை எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து சொல். 24 இருந்தால் இரண்டு ஃபேன் வைத்த கார்டுகள் பெரும்பாலும் அடங்கிவிடும். எஸ்எம்பிஎஸ் லேபிளைப் படமெடுத்து அனுப்பு. அந்த உப்பளக் கோப்பைப் பென்டிரைவில் போட்டுக்கொண்டு வரட்டும், கார்டைச் சோதிக்க அதையே ஓட்டிப் பார்ப்போம்.

முத்துநகர் எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டால் காலையில் எழும்பூரில் இறங்கிவிடலாம். கடைகள் திறப்பதற்குள் வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிட நேரம் இருக்கும். மக்ரூன் மறக்காதே. போன முறை கொண்டுவந்ததில் பாதி தூளாகிவிட்டது, இந்த முறை டப்பாவில் போட்டு எடுத்து வா.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்