பழைய பள்ளிக்கூட நூலகக் கட்டடம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

சென்ற பொதுக்குழு ஒப்புதல் தந்த மூன்று வேலைகளில் கூரையும் சுவரும் முடிந்துவிட்டன. தரை பாக்கி.

கூரை ஒழுகியதற்கு ஓடு காரணமில்லை. ஓடுகளைத் தாங்கும் மரச்சட்டங்களான ரீப்பர்கள் கறையான் அரித்துத் தொய்ந்து, ஓடுகளின் கவ்வல் விலகியிருந்தது. 1865-இல் பாசல் மிஷன் என்ற கிறித்தவ சமயப்பணி அமைப்பு மங்களூரில் ஆலை தொடங்கியபின் பரவிய சீமை ஓடுதான் இது. இறக்கிய ஒவ்வொன்றையும் விரலால் தட்டிப் பார்த்தோம். கணீரென்று ஒலித்தவை மேலே போயின, மொத்தென்றவை ஒதுக்கப்பட்டன. ஒரு சதுரத்துக்கு, அதாவது 100 சதுர அடிக்கு, சுமார் 140 ஓடு பிடிக்கும். ஆலைக்கு ஆலை அச்சு சற்று மாறுவதால் பழையதும் புதியதும் ஒன்றோடொன்று கவ்வாது. ஆகவே முன்சரிவு முழுக்கப் பழைய ஓடு, பின்சரிவுக்குப் புதியது. தரையில் நான்கு வரிசை அடுக்கி அளந்த பிறகே ரீப்பர் இடைவெளியைக் குறித்தோம். கூரையின் உச்சியை மூடும் மோட்டோட்டைச் சுண்ணாம்புக் கலவையில் பதித்திருக்கிறோம். மரம் அசையும்போது சிமெண்டு அதோடு இசையாமல் வெடித்துவிடும்.

சுவர்களைக் கெடுத்தது முன்பு ஒருமுறை நல்லெண்ணத்தோடு பூசிய சிமெண்டுதான். செங்கல்லும் சுண்ணாம்பும் ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும். இடுப்புயரம் சிமெண்டு மூடியதால் அந்த ஈரம் மேலேறி, பூச்சுக்கு மேல் விளிம்பில் உப்புப் பூத்துச் செங்கல் பொரிந்தது. சிமெண்டைச் சிற்றுளியால்தான் கொத்தினோம். இயந்திரம் வைத்தால் செங்கல்லின் முகமே பெயர்ந்து வரும். உப்பை உலர்ந்த தூரிகையால் தட்டினோம். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து மீண்டும் உள்ளே போகும். கோடை முழுக்கக் காயவிட்டு, 1 பங்கு நீற்றிய சுண்ணாம்புக்கு 3 பங்கு மணல் கலந்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரில் குழைத்துப் பூசினோம். வெல்லம் கூடினால் பூச்சு இறுகத் தாமதமாகும். வெயில் பட்ட மேற்குச் சுவரில் நனைந்த சாக்கு தொங்கவிட மறந்த ஓரிடத்தில் பூச்சு மாவாக உதிர்ந்தது. அதை மறுபடி பூச வேண்டியதாயிற்று.

சன்னல்கள் மாணவர்களின் இடப்பக்கம் இருப்பது தற்செயல் அல்ல. வலக்கையால் எழுதுகிறவரின் கை நிழல் அவர் எழுதும் பலகையில் விழக்கூடாது என்று பழைய பள்ளிகளை அப்படித்தான் கட்டினார்கள். அந்த வெளிச்சத்தை இதுவரை இரும்பு அலமாரிகள் மறைத்திருந்தன. அவற்றை எதிர்ச்சுவருக்கு, அரையடி தள்ளி, மாற்றியிருக்கிறோம். சுவரை ஒட்டி வைத்தால் காற்றோட்டம் இல்லாமல் அட்டைகளில் பூஞ்சை பிடிக்கும். சன்னலோரம் இப்போது வாசிப்பு மேசைகள். சுவரிலேயே பூசிய கரும்பலகையை மூடச் சொன்னவர்கள் மன்னிக்கவும்; புதிதாக வந்த நூல்களின் பெயர்களைச் சாக்குக்கட்டியால் அதில்தான் எழுதிவருகிறோம்.

தரைக்கு ஓர் உறுப்பினர் பளபளக்கும் டைல்ஸ் தர முன்வந்தார். நன்றியோடு மறுத்தோம். டைல்ஸ் தரையை அடைத்தால் கீழிருக்கும் ஈரம் சுவர் வழியாகத்தான் ஏறும், பூசிய வேலை வீணாகும். சுண்ணாம்பு ஜல்லித் தளத்துக்கான மதிப்பீடு இணைப்பில் இருக்கிறது.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.